தோற்பதற்கென்று ஒரு பெயர்

கிங்காங் என்ற பெயரைப் போட்டுக்கொண்டு மல்யுத்த மேடை ஏறியவர்கள் உலகில் பலர். அவர்களில் மூவரைப் பற்றியே இந்தக் கட்டுரை. முதலாமவர் நம் பாட்டன்மாருக்குத் தெரிந்தவர், தாராசிங்கோடு மோதியவர். இரண்டாமவர் இங்கிலாந்தின் யோர்க்ஷயர் பகுதிக்காரர். 1987 ஆகஸ்டில், கடற்கரை நகரம் ஒன்றின் மேடையில் விழுந்தவர் பிறகு எழவேயில்லை. மூன்றாமவர் அமெரிக்கர். அதே 1987 மார்ச்சில், மொன்ட்ரியாலுக்கு வடக்கேயுள்ள சான்-ஜெரோமில் பிறந்த, நாலரை அடி உயரமும் இல்லாத ஒரு மனிதரைத் தூக்கிப் போட்டவர். மூவருக்கும் உறவு ஒன்றும் இல்லை. ஆனால் மூவரும் பார்த்த உத்தியோகம் ஒன்றுதான்: தம்மைவிடச் சிறிய ஒருவர் பெரியவராகத் தெரியும்படி தோற்றுக்கொடுப்பது. 1933 இல் வந்த படத்திலும் அந்தக் குரங்கு கடைசியில் கட்டடத்திலிருந்து விழத்தானே செய்கிறது!

முதல் கிங்காங்கின் இயற்பெயர் எமில் சாயா. 1909 இல், அப்போது ஆஸ்திரிய-ஹங்கேரிப் பேரரசுக்கு உட்பட்டிருந்து இன்று ருமேனியாவில் இருக்கும் பிராஷோவ் நகரில் பிறந்தவர். சுற்றிச் சுற்றிக் கடைசியில் சிங்கப்பூரைத் தளமாக்கிக்கொண்டார். அந்தக் காலத்துச் சிங்கப்பூரில் கிரேட் வேர்ல்ட், ஹப்பி வேர்ல்ட் என்ற பெயர்களில் கேளிக்கைப் பூங்காக்கள் இருந்தன. சீனரும் மலாயரும் தமிழரும் பஞ்சாபியரும் ஒரே பலகையில் நெருங்கி உட்கார்ந்து பார்த்த வேடிக்கைகளில் குஸ்தியும் ஒன்று. அமிர்தசரஸ் பக்கத்துக் கிராமமொன்றிலிருந்து 1940களின் இறுதியில் பிழைப்புத் தேடி வந்த தாராசிங் பயில்வானாகத் தேறியதும் இங்கேதான். அடுத்த பத்துப் பதினைந்து ஆண்டுகள் இந்த இருவரும் பம்பாய், கல்கத்தா, சென்னை, கொழும்பு, கோலாலம்பூர் என்று ஊர் ஊராக மோதினார்கள். தாராசிங் 130 கிலோ, கிங்காங் 200 கிலோ என்பது விளம்பரக் கணக்கு. அந்த 200 கிலோவைத் தாராசிங் தலைக்கு மேல் தூக்கிச் சுழற்றி வெளியே எறிந்தார் என்ற கதை ஒவ்வோர் ஊரிலும் உண்டு. ஒவ்வோர் ஊர்க்காரரும் அது தங்கள் ஊரிலேயே நடந்தது என்பார்கள்.

இந்தச் சோடி நம் பக்கத்தில் ஏன் இவ்வளவு எடுபட்டது என்பதற்குக் காரணம் தேடி அலைய வேண்டியதில்லை. வெள்ளைக்காரன் கப்பலேறிச் சில ஆண்டுகளே ஆகியிருந்தன. மேடையில் ஒரு பருத்த வெள்ளை மனிதர் நிற்கிறார், எதிரே பழுப்பு நிறத்து இளைஞர். கொழும்பில் சிங்களவரும் தமிழரும் சேர்ந்து ஒரு பஞ்சாபிக்குக் கைதட்டினார்கள் என்றால் அந்தப் பஞ்சாபி அன்றிரவு யாருக்காக நின்றார் என்பது விளங்கும். சாயாவோ யாரையும் ஆண்டவரல்லர். தன் ஊரே நாடு மாறிப்போன ஒரு நாடோடி. ஆனால் அவருடைய நிறமும் எடையும் அந்த வேலைக்குப் போதுமாக இருந்தன. இன்றும் தோளை உயர்த்தி நடக்கிற பையனிடம் ‘பெரிய தாராசிங் என்ற நினைப்போ?’ என்று கேட்கிறோம். சாயாவின் பங்குக்கு வாய்த்தது வகுப்பில் உடம்பு பெருத்த பிள்ளைக்குச் சூட்டும் பட்டப்பெயர். 1962 இல் தாராசிங் கதாநாயகனாக நடித்த இந்திப் படத்தின் தலைப்பே ‘கிங் காங்’. வென்றவர் பெயரையும் கொண்டுபோய்விட்டார்.

ஒவ்வாச் சோடியைப் பார்க்கிற ஆசை நமக்குப் புதிதல்ல. புறநானூற்றில் சோழன் போரவைக் கோப்பெருநற்கிள்ளி ஆமூர் மல்லனோடு பொருது அவனை வீழ்த்தியதைச் சாத்தந்தையார் பாடியிருக்கிறார். பகைத்து நிற்கும் தந்தை தித்தன் இதைக் காண வேண்டும் என்பது அவர் ஏக்கம். அரசனின் பெயரை நீளமாகச் சொல்கிறோம், அவன் தந்தையின் பெயரும் கிடைக்கிறது. தோற்றவனுக்கு மட்டும் ஊர்ப்பெயர்தான். பாகவதத்தில் கம்சனின் அரங்கத்தில் மலைபோன்ற சாணூரனுக்கும் முஷ்டிகனுக்கும் எதிரே கண்ணனும் பலராமனும் நிற்கும்போது, கூடியிருந்த பெண்கள் இது பொருத்தமற்ற போர், இதைப் பார்த்துக்கொண்டிருப்பதே பாவம் என்று முணுமுணுக்கிறார்கள். முணுமுணுத்தாலும் யாரும் எழுந்து போனதாகக் கதை சொல்லவில்லை.

உண்மையான ஒவ்வாச் சோடி எப்படி இருக்கும் என்பதை லண்டன் ஒருமுறை பார்த்தது. 1910 இல் பஞ்சாபிலிருந்து காமா பயில்வான் அங்கே போனார். ஐந்தடி ஏழங்குலம். இந்த உயரத்துக்குப் பெரிய போட்டியில் இடமில்லை என்று தள்ளிவைத்தார்கள். அவர் பொதுச் சவால் விட்டு, அமெரிக்க மருத்துவர் ரோலரை வீழ்த்திவிட்டு, போலந்தின் ஸ்தனிஸ்லாவ் ஸ்பிஸ்கோவோடு மோதும் உரிமையைப் பெற்றார். செப்டம்பர் 10 ஆம் தேதி ஷெப்பர்ட்ஸ் புஷ் மைதானம். ஸ்பிஸ்கோ உயரத்தில் பெரியவரல்லர், ஆனால் எடையில் காமாவைவிட மிகக் கூடியவர். ஆட்டம் தொடங்கிய சில நிமிடங்களிலேயே ஸ்பிஸ்கோ விரிப்பில் குப்புறப் படுத்துக்கொண்டார். இரண்டரை மணி நேரம் எழவில்லை. அந்த எடையைப் புரட்ட காமா எவ்வளவோ முயன்றும் முடியவில்லை. கூட்டம் கூச்சலிட்டது. மறுவாரம் தொடர்வதாகச் சொல்லி நிறுத்தினார்கள். மறுவாரம் ஸ்பிஸ்கோ வரவேயில்லை. 1928 இல் பாட்டியாலாவில் இருவரும் மறுபடி சந்தித்தபோது ஒரு நிமிடம் கூட ஆகவில்லை, காமா வென்றார்.

இந்த இரண்டு ஆட்டங்களும் ஒன்றையே சொல்கின்றன. எடை கூடியவர் உண்மையாகவே தோற்க விரும்பாவிட்டால் காசு கொடுத்து வந்தவர் இரண்டரை மணி நேரம் ஒரு முதுகைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். உண்மையாகவே ஒருவர் மேலானவராக இருந்தால் கதிரையில் உட்கார்வதற்குள் ஆட்டம் முடிந்துவிடும். டிக்கெட் விற்பவருக்கு இரண்டிலும் நட்டம். இருபது நிமிடம் ஓடி, நடுவில் சிறியவர் சாகப்போகிறார் என்று தோன்றி, முடிவில் பெரியவர் விழுகிற ஆட்டம் வேண்டுமென்றால் அதைப் பேசித்தான் வைக்க வேண்டும்.

பிரித்தானியர் 1930களில் பேசி வைக்கத் தொடங்கினார்கள். ‘ஓல்-இன்’ என்று அழைத்த அந்த வகை, கதிரையால் அடிப்பதும் சேற்றில் புரள்வதுமாகப் போய், அந்தப் பத்தாண்டின் இறுதியில் லண்டன் மாநகர சபை அதைத் தடைசெய்யும் நிலைக்கு வந்தது. போருக்குப் பிறகு, 1947 இல், மானத்தைக் காப்பாற்ற ஒரு குழு விதிகள் எழுதியது. தலைவராகப் பெயர் கொடுத்தவர் அட்மிரல் மவுன்டெவன்ஸ் பிரபு, ஸ்கொட்டின் தென்துருவப் பயணத்தில் துணைத் தலைவராக இருந்த அதே எவன்ஸ். பனிப்பாறைகளைக் கண்டவர் கடைசியில் குஸ்திக்காரருக்கு ஒழுக்கம் வகுத்தார். ஏழு எடைப் பிரிவுகள், சுற்றுகள், மூன்றில் இரண்டு வீழ்த்தல், பகிரங்க எச்சரிக்கை எல்லாம் அதில் உண்டு. எடைப் பிரிவு என்பதன் பொருளே ஒவ்வாச் சோடி கூடாது என்பதுதான். சில காலம் அது ஓரளவு நடந்தது. நடுத்தர எடையில் மிக் மக்மானஸ், ஜக்கி பல்லோ போன்ற கெட்டிக்காரர்களின் ஆட்டத்தை, சனிக்கிழமை மாலை நாலு மணிக்கு ஐ.ரி.வி.யில், தேநீர்க் கோப்பையோடு ஒரு நாடே பார்த்தது. லண்டனுக்குப் படிக்கப் போன நம்மவரும் அறை வாடகைக்குத் தந்த கிழவியோடு உட்கார்ந்து பார்த்தார்கள்.

பிறகு கிரப்ட்ரீ குடும்பம் வந்தது. அண்ணன் தம்பிகளில் மக்ஸ் ஆட்டங்களை ஏற்பாடு செய்பவர். ஷேர்லி மேடையேறுபவர். ஆணுக்கு ஷேர்லி என்ற பெயரை நினைத்துச் சிரிக்காதீர்கள், அவர் தகப்பனுக்கும் அதே பெயர்தான். ஐம்பதை நெருங்கிய வயதில், 160 கிலோவுக்கு மேற்பட்ட உடம்போடு, ஷேர்லி கிரப்ட்ரீ ‘பிக் டடி’ ஆனார். நீண்ட நேரம் மல்லாட அவரால் முடியாது. எனவே மக்ஸ் ஒரு சூத்திரம் கண்டுபிடித்தார். ஒரு பக்கம் பிக் டடியும் ஒல்லியான ஒரு பையனும், மறுபக்கம் இரண்டு தடியர்கள். பையனைத் தடியர்கள் பத்துப் பன்னிரண்டு நிமிடம் வதைப்பார்கள். பையன் எப்படியோ ஊர்ந்துபோய் டடியின் கையைத் தொடுவான். டடி உள்ளே வருவார், ‘ஈஸி, ஈஸி’ என்று அரங்கம் அலறும், வயிற்றால் இரண்டு மோதல், ஒரு பாய்ச்சல், முடிந்தது. 1981 இல் வெம்பிளியில், ஆறடி பதினோரங்குலமும் 280 கிலோவுக்கு மேல் விளம்பர எடையும் கொண்ட ஜயன்ட் ஹேஸ்டக்ஸ் என்ற மார்ட்டின் ருவேனை டடி வீழ்த்த மூன்று நிமிடமும் ஆகவில்லை. மவுன்டெவன்ஸின் ஏழு பிரிவுகளும் எங்கே போயினவென்று கேட்பார் இல்லை.

பழைய இரசிகர்கள் பிக் டடியைக் கண்டால் முகம் சுளிப்பார்கள், கலையைக் கெடுத்தவர் என்று. என் கவனம் அந்தப் பையன்கள் மேலும் தடியர்கள் மேலும்தான் போகிறது. இந்தத் தொழிலின் நுட்பத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஒருவரைத் தூக்கி எறிவது தூக்குபவரின் பலத்தால் மட்டும் நடப்பதல்ல. தூக்கப்படுபவர் சரியான நொடியில் துள்ள வேண்டும், எதிராளியின் தொடையில் கை ஊன்றித் தன் எடையில் ஒரு பங்கைத் தானே சுமக்க வேண்டும். விழும்போது நாடியை நெஞ்சோடு சேர்த்து, முதுகு முழுவதையும் ஒரே தரமாகப் பரப்பி விழ வேண்டும். 200 கிலோ மனிதர் சம்மதிக்காவிட்டால் அவரைத் தாராசிங்காலும் தூக்க முடியாது. வயிற்றால் பாய்கிறவர் தன் பாரத்தைக் கையிலும் முழங்காலிலும் இறக்கிவிட்டு, நசுக்கியதுபோல் காட்ட வேண்டும். ஆக, மேடையில் பார்த்த வெற்றியில் பாதிக்கு மேல் தோற்றவரின் உழைப்பு. கணக்கு ஒரு விரற்கடை தவறினால் நடிப்பு நின்றுவிடும், எடை மட்டும் மிஞ்சும்.

மல்கம் கிர்க் என்பவர் ரக்பி லீக் ஆடிவிட்டு மல்யுத்தத்துக்கு வந்தவர். மொட்டைத் தலை, பெரிய உடம்பு. கிங்காங் கிர்க் என்று பெயரிட்டுத் தடியர் வரிசையில் நிறுத்தினார்கள். டடிக்குத் தோற்பது அவருக்கு வாடிக்கையான வேலை. 1987 ஆகஸ்ட் பிற்பகுதியில், கிரேட் யார்மத்தின் ஹிப்பொட்ரோம் அரங்கில், கோடை விடுமுறைக்கு வந்த குடும்பங்களின் முன், வழக்கமான அந்தப் பாய்ச்சலோடு ஆட்டம் முடிந்தது. கிர்க் எழவில்லை. முகத்தின் நிறம் மாறியிருந்தது. வைத்தியசாலைக்குக் கொண்டுபோனபோது உயிர் இல்லை. அவருக்கு முன்பே கடுமையான இருதய நோய் இருந்ததென்றும் கிரப்ட்ரீ மேல் குற்றமில்லை என்றும் மரண விசாரணை சொன்னது. கிரப்ட்ரீ உடைந்துபோனார் என்றார்கள். ஆனாலும் 1993 வரை மேடையேறினார். ஐ.ரி.வி. 1988 டிசம்பரில் மல்யுத்தத்தை நிறுத்தியது.

இனி நம் ஊருக்கு வருகிறேன். மொன்ட்ரியால்-நோரில் வயதான கியூபெக்காரர் யாரிடமாவது ‘ஜெயான் ஃபெரே’ என்று சொல்லிப் பாருங்கள், ஹொக்கியை மறந்துவிட்டுப் பேசத் தொடங்குவார்கள். 1950களில் புதன்கிழமை இரவுகளில் ரேடியோ-கனடா தொலைக்காட்சி மல்யுத்தம் காட்டியது. ஆங்கிலம் பேசும் முதலாளியின் கீழ் பகல் முழுவதும் வேலைசெய்துவிட்டு வந்த பிரெஞ்சு மொழித் தொழிலாளி, இரவில் இவொன் ரோபேர் என்ற தன் ஆள் வெல்வதைப் பார்த்தான். கொழும்புக்கும் இதற்கும் தூரம் அதிகமில்லை. 1961 இல் மிஷேல் புரோ, குளோட் ஜுத்ரா உள்ளிட்ட நால்வர் தேசியத் திரைப்பட வாரியத்துக்காக ‘லா லுத்’ என்ற குறும்படம் எடுத்தார்கள். இந்தப் பித்தலாட்டத்தை அம்பலப்படுத்துவதுதான் முதலில் அவர்கள் எண்ணம். ரோலண்ட் பார்த் அவர்களைத் தடுத்தார். 1957 இல் வந்த ‘மித்தொலொஜி’ நூலின் முதல் கட்டுரையிலேயே மல்யுத்தத்தைப் பற்றி எழுதியவர் அவர். மக்கள் அங்கே தேடுவது நியாயத்தின் காட்சியை, அதைக் கலைக்காதீர்கள் என்பது அவர் வாதம். படம் அதனாலேயே நல்ல படமாயிற்று. பார்த்திடம் எனக்குள்ள குறை ஒன்றே. அவர் வேதனையின் முகபாவத்தைப் பற்றி அழகாக எழுதினார், முள்ளந்தண்டைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை.

ஜெயான் ஃபெரே என்பவர் பிரான்சிலிருந்து வந்த ஆந்திரே ரூசிமோவ். உடம்பு வளர்வதை நிறுத்தாத நோய் அவருக்கு. 1971 முதல், வஷோன் சகோதரர்கள் முன்னின்று நடத்திய கிராண்ட் பிரி நிறுவனத்துக்காக மொன்ட்ரியாலில் ஆடினார். 1972 மே மாதம் ஃபோரம் அரங்கில் அவரும் யூட்டா மாநிலத்து டொன் லியோ ஜொனத்தனும் மோதியதைப் பார்க்க 16,000 பேருக்கு மேல் வந்தார்கள். அதற்குப் பிறகு ஒரு சங்கடம். அவருக்கு ஈடாக நிறுத்த ஆள் இல்லை. யாரை நிறுத்தினாலும் முடிவு முன்கூட்டியே தெரிந்தது. வாரம்தோறும் பார்த்தவர்களுக்கு அரக்கன் பக்கத்து வீட்டுக்காரன் ஆகிவிட்டான். வசூல் இறங்கியது. நியூயோர்க்கின் மூத்த மக்மஹன் அதற்கு மருந்து கண்டார். இவரை எந்த ஊரிலும் அதிக நாள் வைத்திருக்கக் கூடாது, ஊர் ஊராக அனுப்ப வேண்டும். சாயாவின் வாழ்க்கையும் அப்படித்தான் கழிந்தது. ஒவ்வாச் சோடியில் பெரியவனாக நிற்பவனுக்கு ஓர் ஊரில் வேர்விட அனுமதியில்லை.

இன்னொரு கோடியில் சிறியவர்கள். மொன்ட்ரியாலில் பிறந்த மார்செல் கொத்தியே ‘ஸ்கை லோ லோ’ ஆனார். சான்-ஜெரோமின் லியோனெல் ஜிரூ ‘லிட்டில் பீவர்’ ஆனார். நான்கடியை ஒட்டிய இவர்களைச் சுவரொட்டிகள் அழைத்த சொல்லை இங்கே எழுத மனமில்லை. 1950களில் வட அமெரிக்கா முழுவதும் இவர்கள் மோதலுக்கு அரங்குகள் நிறைந்தன. ஜிரூ பிரெஞ்சுக் கனடியர். ஆனால் தலையில் இறகு செருகிப் பூர்வகுடி வேடம் போட்டார்கள். மொழி தெரியாத நாட்டில் நம்மைப் பிறர் அழைக்கும் பெயரில் வேலைக்குப் போன அனுபவம் இதை வாசிப்பவர்களில் சிலருக்கு இருக்கும். அது வேறு கதை. இவர் இருவரும் ஒருவரோடொருவர் மோதியவரை சோடி ஒத்த சோடிதான். கைதேர்ந்த மல்லர்கள், எப்படி விழ வேண்டும் என்று அறிந்தவர்கள்.

1987 என்றால் நமக்கு நினைவுக்கு வருபவை வேறு. அந்த ஆண்டு மார்ச் 29 ஆம் தேதி மிச்சிகன் மாநிலத்துப் பொன்டியாக்கில் ‘ரெஸில்மேனியா’ மூன்றாம் பதிப்பு நடந்தது. 93,000 பேர் வந்ததாக நிறுவனம் அறிவித்தது, அதை நம்பாதவர்களும் உண்டு. ஓர் ஆட்டத்தில் கிங்காங் பண்டி என்ற, 458 பவுண்டு என்று விளம்பரப்படுத்திய அமெரிக்கர். அவர் பக்கம் உயரம் குறைந்த இருவர், எதிர்ப்பக்கம் ஹில்பில்லி ஜிம் என்ற நெடியவரோடு ஹெய்ட்டி கிட், லிட்டில் பீவர். எங்கள் மொன்ட்ரியால்-நோரில் பாதித் தெருக்களில் ஹெய்ட்டியின் கிரயோல் மொழி கேட்கும். அந்தப் பிள்ளைகளிடம் இப்படியொரு மேடைப்பெயர் இருந்தது என்று சொன்னால் என்ன சொல்வார்களோ. ஐம்பதைக் கடந்த ஜிரூ பண்டியைச் சீண்டினார், அடித்தார், ஓடினார், கூட்டம் சிரித்தது. பிறகு பண்டி அவரைப் பிடித்துத் தரையில் அறைந்து, மேலே தன் முழங்கையோடு விழுந்தார். நடுவர் பண்டியைத் தகுதி நீக்கம் செய்ததால் வென்றவர் பட்டியலில் லிட்டில் பீவரின் பெயர் இருக்கிறது. அவரைத் தூக்கிக்கொண்டு போனார்கள். முதுகு அடிபட்ட ஜிரூ அதன் பிறகு மேடையேறவில்லை. 1995 டிசம்பரில் இறந்தார்.

அன்றைய கடைசி ஆட்டம் ஹல்க் ஹோகனுக்கும் நம் ஜெயான் ஃபெரேக்கும். அப்போது அவர் பெயர் ஆந்திரே த ஜயன்ட். முதுகில் அறுவைச் சிகிச்சை முடிந்து, நடக்கவே வலித்த நாற்பது வயது மனிதர். ஹோகன் அவரைத் தூக்கிப் போட்ட காட்சி உலகம் முழுவதும் ஓடியது. மேலே சொன்ன கணக்கை நினைவில் வைத்துப் பார்த்தால் அது ஹோகனின் பலமல்ல, ஆந்திரே கொடுத்த கொடை. அதே இரவில் டைனமைட் கிட், டேவி போய் ஸ்மித் என்ற இரண்டு ஆங்கிலேயரும் ஆடினார்கள். பத்தாண்டுக்கு முன் பிக் டடியின் பக்கத்தில் ஒல்லிப் பையன்களாக அடிவாங்கியவர்களில் இந்த இருவரும் உண்டு. கல்கரிக்கு வந்து, பெரிய உடம்புகளின் நாட்டில் பெரிய உடம்புகளானார்கள். டைனமைட் கிட் என்ற தொமஸ் பிலிங்டன், ஊசி மருந்தால் ஏற்றிய உடம்பு அது என்று பின்னாளில் தாமே எழுதினார். அந்த மார்ச்சுக்குச் சில மாதம் முன்பே ஒன்ராறியோவின் ஹமில்டனில் அவர் முதுகு நொறுங்கியிருந்தது. கடைசி ஆண்டுகள் சக்கர நாற்காலியில். ஸ்மித் 39 வயதில் இறந்தார்.

அந்த ஆண்டின் ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் தூரதர்ஷனில் இராமாயணத் தொடர் ஓடிக்கொண்டிருந்தது. அனுமன் வேடத்தில் மலையைத் தூக்கியவர், ஐம்பத்தெட்டு வயதுத் தாராசிங். மொழி விளங்காத வீடுகளிலும் கிழவர்கள் பிள்ளைகளுக்கு அவரைக் காட்டி, இவர்தான் கிங்காங்கைத் தூக்கி எறிந்தவர் என்று சொன்னார்கள். எமில் சாயா அதைப் பார்க்க இல்லை. மலேசியச் சாலையொன்றில் நடந்த கார் விபத்தில் அடிபட்டு, 1970 மே மாதம் சிங்கப்பூரில் இறந்திருந்தார்.